எண்ணெய் கிழக்கே ஓடுது

வாங்க சார், உள்ள வாங்க. படியில நிக்காதீங்க, உள்ள நல்லா எடம் இருக்கு. மன்னிச்சுக்குங்க, வேலையில இருந்து நான் ரிட்டயர்டு ஆயிட்டேன், என் வாய் இன்னும் ஆகல. கண்டக்டர் சார் நான். மாசிலாமணின்னா இந்தத் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது, கண்டக்டர் வீடுன்னு கேட்டா பச்சப் புள்ள கூட கையக் காட்டும்.

கையில மஞ்சள் ஹெல்மெட்டு, தோள்ல கேமரா. கேட்டுக்கு வெளிய நீங்க நின்னு அண்ணாந்து பாக்கறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கட்டட இன்ஜினியர்தானே நீங்க? ஆங், தலையாட்டினீங்க பாருங்க, எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துடுச்சு. போர்டு பாத்துட்டு வந்திருக்கீங்க. "மாடி வாடகைக்கு. கட்டட இன்ஜினியர்களுக்கு மட்டும்." தெருவுல எல்லாரும் சிரிக்கறாங்க. சைவம் மட்டும்னு போடறான், குடும்பம் மட்டும்னு போடறான், அதுக்கெல்லாம் சிரிக்க மாட்டேங்கறாங்க. நான் போட்டா மட்டும் சிரிப்பு.

இல்ல, நீங்க அப்புறம் பேசுங்க. முதல்ல வீட்டப் பாருங்க. மாடியும் இதே அமைப்புதான், கீழ ஒருதரம் பாத்துட்டா மேல பாத்த மாதிரி.

இதான் ஹால். நடக்கறப்ப கொஞ்சம் அந்தப் பக்கமா இழுக்கற மாதிரி இருக்குதா? அது ஒண்ணும் இல்ல சார். காலை லேசா அகட்டி வெச்சு நடங்க. பஸ்ஸு வளைவுல திரும்பறப்ப நாங்க நிப்போமே, கம்பியப் புடிக்காம, அது மாதிரி. ரெண்டு நாள்ல பழகிடும். எனக்கெல்லாம் இப்ப சமமான தரையில நடந்தாதான் தலை சுத்துது.

கதவப் பாத்தீங்களா? நான் சாத்தல. தானா சாத்திக்கும். பெரிய ஆபீஸுலதான் சார் இந்த மாதிரி கதவு இருக்கும்.

போட்டோ எடுக்கறீங்களா? எடுங்க எடுங்க. வீட்ல அம்மாவுக்குக் காட்டணும் இல்ல? ஆனா அந்தச் சுவத்த எடுக்க வேணாம். சரி, எடுத்துட்டீங்க. இந்த ஜன்னல் பக்கம் வாங்க. மேற்குப் பக்கம் பூரா காலி மனை, காத்து பிச்சுக்கிட்டு வரும். ஒரு பாட்டு டீச்சர் இருந்த வீடு. இடிச்சுப் போட்டுட்டு அண்ணன் தம்பிங்க கோர்ட்ல நிக்கறாங்க. நீங்களும் நானும் இருக்கற வரைக்கும் அங்க ஒரு செங்கல் வைக்க மாட்டாங்க. என்ன சார் சொல்ல வந்தீங்க? இருங்க, கெழக்குப் பக்கமும் காட்டிடறேன். வம்பெல்லாம் அந்தப் பக்கந்தான்.

தெரியுதா, அந்தக் கண்ணாடிக் கட்டடம்? அதான் தனராஜோட சோஃபாக் கடை. கட்டில், பீரோ, ஊஞ்சல் எல்லாம் விக்கறான். மேல நாலு மாடி இருக்கு, அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பூமிக்கு அடியில ரெண்டு மாடி இருக்கு, அது எனக்கும் என் வீட்டுக்குந்தான் தெரியும். ஒண்ணு கார் நிறுத்த, ஒண்ணு குடோன். நல்ல மனுஷன்தான் சார் தனராஜ். பொங்கலுக்குக் கரும்பு கட்டோட அனுப்புவான். ஆனா என் வீட்ட அவன்தான் கெடுத்தான். அவன் தோண்டின பள்ளத்தாலதான் என் பொண்டாட்டி என்ன விட்டுட்டுப் போயிட்டா.

அய்யய்யோ, அப்படி இல்ல. பூந்தமல்லியில தங்கச்சி வீட்ல இருக்கா. கஸ்தூரின்னு பேரு. உக்காருங்க சொல்றேன். அந்த நாற்காலி வேணாம், அது நகரும். இதுல உக்காருங்க.

கதைய நான் ஒழுங்கா ஆரம்பிக்கணும். தனராஜ் பழைய ஓட்டு வீட்ட இடிச்சுட்டு, கடை கட்டப் போறேன்னு வந்து சொன்னான். இனிப்பு கூடக் குடுத்தான். "கண்டக்டர் சார், பள்ளம் கொஞ்சம் ஆழமாப் போகும். உங்க அஸ்திவாரத்துக்கு ஒண்ணும் ஆகாம இருக்க, நாலு பக்கமும் இரும்புத் தகடு எறக்கிட்டு அப்புறந்தான் தோண்டுவோம்"ன்னான். நானும் சந்தோஷமா சரின்னுட்டேன். தகடு எறக்கறதுன்னா ஏதோ பெட்டியில துணி வைக்கற மாதிரி வைப்பாங்கன்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும்?

சார், அந்தச் சத்தம் இருக்கே! ஒரு மிஷினக் கொண்டாந்து நிறுத்தி, டொம்மு டொம்முன்னு தகட்ட மண்ணுக்குள்ள அடிக்கறான். அலமாரியில இருக்கற டம்ளர் எல்லாம் தாளம் போடுது. சரியா அந்த நேரம் பாத்து கஸ்தூரிக்குக் கண்ணுல புரை எடுத்திருக்கு. டாக்டர், நல்லா தூங்கணும், அதிரக் கூடாது, குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. பச்சைத் துணியக் கண்ணுல கட்டிக்கிட்டுப் படுத்திருக்கா பாவம், ஒவ்வொரு டொம்முக்கும் ஒடம்பத் தூக்கித் தூக்கிப் போடுது. எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு.

ஈஸி சேரத் தூக்கிக்கிட்டு நேரா போனேன். நம்ம பக்கம் தகடு அடிக்கப் போற எடத்துல, மிஷினுக்கு நேரா, சேரப் போட்டு உக்காந்துட்டேன். வாயில விசில். என் பழைய விசில் சார், அதத் திருப்பிக் குடுக்கல நான். மிஷின் ஓட்டறவன் கைப்பிடியில கை வெச்சதும் ஒரு விசில் அடிச்சேன். நின்னுட்டான்! அவன் மேல தப்பில்ல. பஸ்ஸுல போயிப் பழகின ஒடம்பு, ஒரு விசில் கேட்டா தானா நின்னுரும். திருப்பி ஆரம்பிப்பான், நான் ஒரு விசில். தெருவே கூடிப் போச்சு. கடைசியில தனராஜ் கையக் கும்பிட்டுக்கிட்டு ஓடி வந்தான்.

"கண்டக்டர் சார், இது உங்க வீட்டுக்காகத்தான் அடிக்கறோம்"ங்கறான். என் வீட்டுக்காக என் பொண்டாட்டி கண்ணக் கெடுப்பியாடான்னு கேட்டேன். கடைசியில மத்த மூணு பக்கமும் தகடு, நம்ம பக்கம் மட்டும் தகடு கெடையாது, மணல் மூட்டையும் பலகையும் அடுக்கிக்கறோம்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்க வெச்சேன். அப்புறந்தான் சேர மடக்கினேன். அன்னிக்கு மத்தியானம் கஸ்தூரி எப்படித் தூங்கினாங்கறீங்க! கொறட்டை. எனக்கு அந்தக் கொறட்டையக் கேக்கக் கேக்கப் பெருமை தாங்கல.

ஏன் சார் தலையில கைய வெச்சுக்கறீங்க? வெயிலா? ஃபேன் போடறேன்.

அடுத்தது தண்ணி. நீங்க எந்தப் பக்கம் சார் குடியிருக்கீங்க? எந்தப் பக்கமா இருந்தாலும் மெட்ராஸ்ல சித்திரை வைகாசின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். எங்க தெருவுல போர் எல்லாம் வெறும் காத்துதான் எறைக்கும். லாரி வர்ற சத்தம் கேட்டா கஸ்தூரி கொடத்த எடுத்துக்கிட்டு ஓடுவா. மூட்டு வலி. கண்ணும் இப்பதான் சரியாகியிருக்கு. நான் போறேன்னா விட மாட்டா, "உங்களுக்கு வரிசையில நிக்கத் தெரியாது, மத்தவங்கள வரிசையா நிக்க வெக்கத்தான் தெரியும்"பா. அவ கொடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு ஒரு படி ஏறி நின்னு, மூச்சு வாங்கி, அடுத்த படி ஏறுவா பாருங்க, அதப் பாத்துக்கிட்டு சும்மா நிக்கறது ரொம்பக் கஷ்டம் சார்.

அப்பதான் கடவுளாப் பாத்து தனராஜோட பள்ளத்துல தண்ணியக் குடுத்தாரு. தோண்டத் தோண்ட ஊறுது. கண்ணாடி மாதிரி தண்ணி, உப்பே கெடையாது. அவங்க அதப் பெரிய மோட்டார் வெச்சு எறைச்சு ரோட்டுச் சாக்கடையில விடறாங்க! பாத்ததும் எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. ஓடிப் போயி, யப்பா, இந்த பைப்ப இப்படித் திருப்புன்னு நம்ம தொட்டிக்குள்ள விட வெச்சேன்.

அந்த ஒரு கோடைக்கு இந்தத் தெருவுக்கே ராஜா நான்தான். நம்ம தொட்டி நெரம்பினதும் தெரு ஜனத்துக்கு விடுவேன். வரிசையில வாங்க, பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வராதீங்க, கைக்கொழந்தைக்காரங்களுக்கு வழி விடுங்க. கஸ்தூரி ரெண்டு வேளை குளிச்சா. வீட்ல இருக்கற திரைச்சீலை, பெட்ஷீட், என் பழைய காக்கி யூனிஃபார்ம் கூடத் தொவச்சுப் போட்டா. மாடியில காயப் போட்டுட்டு நின்னு சிரிச்சா பாருங்க, கல்யாணமான புதுசுல சிரிச்ச சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நான் அந்தப் பள்ளத்தயே கும்பிட்டுருப்பேன்.

நடுவுல அந்த சைட்டுப் பையன் ஒருத்தன், சூப்பர்வைசர், வந்து மொனகுவான். "இவ்வளவு வேகமா எறைக்கக் கூடாது சார், தண்ணியோட மண்ணும் வருது, மோட்டார நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டணும்"பான். நிறுத்தவும் நிறுத்துவான். நான் சுவத்து மேல இருந்து ரெண்டு விசில் குடுப்பேன். ரெண்டு விசிலுக்கு என்ன அர்த்தம்னு மோட்டார் ஓட்டறவனுக்குத் தெரியாதா? போட்டுருவான்.

மண்ணுன்னு சொன்னேனே, அது தனிக் கதை. நம்ம தொட்டி அடியில மணல் தங்கும் சார். அப்படிப்பட்ட மணல நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சர்க்கரை மாதிரி. சல்லடையே வேணாம். இன்னிக்கு ஆத்து மணல் எங்க கெடைக்குது, சொல்லுங்க பாப்போம்? அதுவா வீட்டுக்குள்ள வருது! வாளி வாளியா அள்ளி மாடியில காய வெச்சு மூட்டை கட்டினேன். இப்பவும் மாடிப்படிக்குக் கீழ அடுக்கியிருக்கேன், போறப்ப காட்டறேன். தனராஜுக்குத் தெரியாம அவன் மணல எடுக்கறோமேன்னு கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா தண்ணியோட வர்றத நாம என்ன பண்ண முடியும்?

என்ன சார் கேட்டீங்க? அந்த மணல் எங்கேருந்து வந்துச்சா? பள்ளத்துல இருந்துதான். வேற எங்க இருந்து வரும்?

அப்பதான் ஒரு நாள் காலையில கஸ்தூரி சமையக்கட்டுல இருந்து, "என்னங்க, இங்க வாங்க"ன்னா. போனேன். தோசைக்கல்லக் காட்டினா. "நடுவுல எண்ணெய் ஊத்தினேன், கெழக்க ஓடுது பாருங்க." அடுப்பு சரியில்ல போலன்னேன். அடுப்பத் திருப்பி வெச்சா. எண்ணெய் கெழக்கதான் ஓடுது. புதுக் கல்லு வாங்கியாந்தேன். புதுக் கல்லுலயும் கெழக்க. தோசை ஒரு பக்கம் முறுகல், ஒரு பக்கம் மெத்து மெத்து. எனக்கு என்னமோ அது பிடிச்சுத்தான் இருந்துச்சு, ஒரே தோசையில ரெண்டு ருசி. ஆனா அவ விடல. "வீடு சாயுதுங்க"ன்னா.

அவளுக்கு முன்னாடி யாரும் சொல்லல சார். படிச்சவங்க யாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அவதான் மொதல்ல சொன்னா. நான் சிரிச்சேன். வீடு சாயறதுக்கு அது என்ன பஸ்ஸான்னேன். அடுப்புக் காலுக்கு அடியில ஒரு அட்டைய மடிச்சு வெச்சேன். எண்ணெய் நடுவுக்கு வந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு அட்டை. இப்படியே அட்டை மேல அட்டையா அடுப்பு ஒசந்துக்கிட்டே போச்சு.

அப்புறம் விரிசல் வந்துச்சு. ஹால் சுவத்துல, ஜன்னல் மூலையில இருந்து குறுக்க, படிக்கட்டு மாதிரி எறங்கிச்சு. நீங்க போட்டோ எடுத்தீங்களே, அதான். கஸ்தூரி பாத்தா பயப்படுவாளேன்னு அவ கோயிலுக்குப் போயிருக்கறப்ப நானே சிமெண்ட் கொழைச்சுப் பூசிட்டேன். கையில தொட்டி மணல் இருக்கே! என்ன அருமையா ஒட்டிச்சு தெரியுமா? அளவெடுத்து வெச்ச மாதிரி உள்ள போயி உக்காந்துச்சு. ஏதோ அந்த மணலும் நம்ம வீடும் ரொம்ப நாள் பழகின மாதிரி.

இருமறீங்களே, தண்ணி குடிங்க. இதெல்லாம் இப்ப லாரித் தண்ணிதான். தனராஜ் கட்டடம் எழும்பினதும் மோட்டார எடுத்துட்டுப் போயிட்டான்.

நான் பூசப் பூச விரிசல் பக்கத்துல புதுசா வந்துச்சு. தனராஜ் ஒரு இன்ஜினியர அனுப்பினான். உங்கள மாதிரி இல்ல, சிடுசிடுன்னு ஒரு ஆள். விரிசல் மேல குறுக்க சின்னக் கண்ணாடித் துண்டா வெச்சு ஒட்டிட்டுப் போனாரு. கண்ணாடி ஒடஞ்சா விரிசல் இன்னும் நகருதுன்னு அர்த்தமாம். ஒரு வாரத்துல ஒடஞ்சிருச்சு. மட்டமான கண்ணாடி சார் அது. நான் கடைக்குப் போயி நல்ல கெட்டிக் கண்ணாடியா வாங்கியாந்து ஒட்டினேன். அதுவும் ஒடஞ்சிருச்சு. இப்பல்லாம் எதுவும் தரமாக் கெடைக்கறதில்ல. கடைசியில பிளாஸ்டிக் ஸ்கேல வெட்டி ஒட்டினேன். அதுக்கப்புறம் ஒடையவே இல்ல! பாருங்க, அப்படியே இருக்கு. விரிசல் நின்னுடுச்சுன்னுதான் அர்த்தம்.

கொஞ்சம் வளைஞ்சிருக்கா? அது பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சிடுசிடு ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? உங்க வீட்டுக்கு அடியில கெழக்குப் பக்கம் மண்ணு காலியாயிருக்கு, துளை போட்டு சிமெண்ட் பால அழுத்தமா உள்ள விட்டு நெரப்பணும், தனராஜே செஞ்சு குடுக்கறேங்கறாருன்னாரு. நான் நல்லா யோசிச்சேன். அடியில பூரா சிமெண்ட ஊத்தி அடைச்சுட்டா, நாளைக்கு நம்ம போர்ல தண்ணி எப்படி ஊறும்? கஸ்தூரி மறுபடி லாரிக்கு ஓடணுமா? வேலையே வேணாம்னு அனுப்பி வெச்சுட்டேன். நெரப்பறதுக்கு மண்ணுதான வேணும், மாடிப்படிக்குக் கீழ அத்தனை மூட்டை வெச்சிருக்கேன், நானே பாத்துக்கறேன்னுட்டேன். அவரு அந்த மூட்டையப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, ஸ்கூட்டர எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்புறந்தான் சார் அந்த நாள் வந்துச்சு. கஸ்தூரி குளிக்கப் போனா. குளிச்சு முடிச்சு தாப்பாளத் தெறந்தா கதவு வரல. நெலை கோணிக்கிட்டு கதவ அப்படியே கவ்விக்கிச்சு. உள்ள இருந்து தட்டறா. "என்னங்க... என்னங்க..." எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தள்ளு தள்ளுன்னு கத்தறேன். அது உள் பக்கம் தெறக்கற கதவு. இத்தனை வருஷம் அதே வீட்ல இருந்துட்டு, தள்ளுங்கறேன். அவ உள்ள இருந்து தள்ளறா, நான் வெளிய இருந்து இழுக்கறேன், ரெண்டு பேருமா சேந்து கதவ இன்னும் நல்லா இறுக்கிட்டோம். கடைசியில தனராஜ் கடையில இருந்து ஆளுங்க கடப்பாறையோட ஓடி வந்து கதவப் பேத்துதான் எடுத்தாங்க.

வெளிய வந்தா. ஈரத் தலை, பொடவையச் சுத்திக்கிட்டு, மொகம் வெளுத்துப் போயி. பையில நாலு பொடவைய வெச்சுக்கிட்டு ஹால்ல வந்து நின்னா. "எனக்குத் தண்ணி வேணாம். தரை வேணும்"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். வாசல்ல செருப்பப் போட்டுக்கிட்டே, "படிச்ச இன்ஜினியர் ஒருத்தரு இந்த வீட்ல இருந்துக்கிட்டு ஒண்ணும் ஆகாதுன்னு என்கிட்ட சொல்லட்டும், நான் வரேன்"ன்னுட்டு ஆட்டோல ஏறிட்டா.

அதுக்குத்தான் சார் போர்டு. மொதல்ல இன்ஜினியர்களுக்கு மட்டும்னு போட்டேன். ஒரு கம்ப்யூட்டர் பையன் பெட்டி படுக்கையோட வந்துட்டான். சந்தோஷமா போன் போட்டேன். "கம்ப்யூட்டர் இன்ஜினியர் செல்லாது, கட்டடம் படிச்சவரா இருக்கணும்"னு சொல்லிட்டா. செல்லாத டிக்கெட்ட எறக்கி விடற மாதிரி அவன எறக்கி விட்டேன். அப்புறம் போர்ட மாத்தினேன். கட்டட இன்ஜினியருங்க வரத்தான் செய்யறாங்க. வாசல்ல நின்னு சுவத்தப் பாக்கறாங்க. ஒரு அவசர வேலை வந்துடுச்சுங்கறாங்க, போயிடறாங்க. இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டவரு நீங்க ஒருத்தர்தான்.

வீடு எனக்கு முக்கியமில்ல சார். உண்மையச் சொல்றேன். ராத்திரி சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்தா எறங்கல. அவ இல்லாத வீடு நேரா இருந்தா என்ன, கோணையா இருந்தா என்ன. நான் செஞ்சது எல்லாம் அவளுக்காகத்தான். அவ தூங்கணும்னு தகட்ட நிறுத்தினேன், அவ கொடம் தூக்கக் கூடாதுன்னு தண்ணிய விட்டேன், அவ பயப்படக் கூடாதுன்னு சுவத்தப் பூசினேன். இதுல எங்க தப்பு பண்ணேன்னு நீங்களே சொல்லுங்க. எல்லாம் தனராஜ் பண்ணது.

சரி, சொந்தக் கதைய நிறுத்திக்கறேன். நீங்க எப்ப பால் காய்ச்சறீங்க?

என்னது?

வாடகைக்கு வரலியா? அப்ப எதுக்கு இத்தனை போட்டோ எடுத்தீங்க?

பக்கத்து மனையா? எந்தப் பக்கத்து மனை? மேற்கயா? அந்தப் பாட்டு டீச்சர் மனையா! கேஸ் முடிஞ்சிருச்சா? அண்ணன் தம்பிங்க ஒண்ணாயிட்டாங்களா? யாரு கேட்டா அவங்கள ஒண்ணாகச் சொல்லி! வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்து வீடு எப்படி இருக்குன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கணுமா? அப்ப நீங்கதான் அங்க தோண்டப் போற இன்ஜினியரா? இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே சார்? நான் எங்க சொல்ல விட்டேன்னு கேக்கறீங்க. அதுவும் சரிதான்.

எத்தனை மாடி அடியில?

மூணா?

இருங்க. போயிடாதீங்க. எனக்குக் கோவம் இல்ல. கொஞ்சம் யோசிக்க விடுங்க.

தகடு அடிப்பீங்களா? கட்டாயம் அடிப்பீங்களா. சத்தம் வருமா. வரட்டும் சார், தாராளமா அடிங்க. கஸ்தூரி பூந்தமல்லியில இருக்கறப்பவே அடிச்சு முடிச்சுடுங்க, நான் விசில் எடுக்க மாட்டேன். தண்ணி எறைப்பீங்க இல்ல? மெதுவாத்தான் எறைப்பீங்களா. சரி சரி, அத அப்புறம் பேசிக்கலாம்.

ஆனா சார், எனக்கு ஒண்ணு தோணுது. நீங்க படிச்சவரு, தப்பா இருந்தா சொல்லுங்க. தனராஜ் தோண்டினதுல வீடு கெழக்க எறங்கிச்சு. நீங்க மேற்க தோண்டறீங்க, அதுவும் ஒரு மாடி கூடவே. அப்ப மேற்குப் பக்கமும் அதே அளவு எறங்கிடுச்சுன்னா? சமமாயிடும் இல்ல? ஏன் சார் சிரிக்கறீங்க? அழறீங்களா? எதுவா இருந்தாலும் கண்ணத் தொடைச்சுக்குங்க. இப்ப போன் போடப் போறேன்.

ஒரே ஒரு வார்த்தை சார். நீங்க குடிவர வேணாம். பொய்யும் சொல்ல வேணாம். நான் இன்ஜினியரு, கட்டடம் படிச்சவன், இப்ப இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கேன்னு சொல்லுங்க. அதுல பொய் எங்க இருக்கு? வாசப்படிய விட்டு இந்தப் பக்கம் வாங்க, அங்க நின்னு சொன்னாதான் பொய்யாயிடும்.

கஸ்தூரி? நான்தான். சாப்ட்டியா? மாத்திரை போட்டியா? ஒரு இன்ஜினியர் வந்திருக்காரு. கட்டடந்தான், கட்டடந்தான், மஞ்சள் ஹெல்மெட்டோட வந்திருக்காரு. நம்ம வீட்டுக்குள்ளதான் நிக்கறாரு. நீயே பேசு. இந்தாங்க சார், புடிங்க.

என்ன சொல்றா? ஏன் பேசாம கேட்டுக்கிட்டே இருக்கீங்க? என்ன சொல்றா சார்?

தோசைக்கல்லா?

எண்ணெய் ஊத்திப் பாத்துட்டு எந்தப் பக்கம் ஓடுதுன்னு உங்களச் சொல்லச் சொல்றாளா?

வாங்க. இந்தப் பக்கம், சமையக்கட்டு. காலை அகட்டி வாங்க. போன வெச்சுடாதீங்க, அவ லைன்லயே இருக்கட்டும். இதோ கல்லு. இதோ எண்ணெய், நடுவுலதான் ஊத்தறேன், பாத்துக்குங்க. அதுக்குள்ள வாயத் தெறக்காதீங்க சார், கொஞ்சம் பொறுங்க. அடியில வெச்ச அட்டை இப்ப பத்தல, நான் இந்தக் கெழக்குப் பக்கத்துக் காதப் புடிச்சு லேசா ஒசத்திக்கறேன். இன்னும் கொஞ்சம். இப்ப பாருங்க. நடுவுல நிக்குதா? அசையாம நிக்குதா?

அத மட்டும் சொல்லுங்க அவகிட்ட. அவ வந்துட்டா தெனமும் தோசை வார்க்கறப்ப நானே வந்து புடிச்சுக்கறேன்.